காட்டுத்தீயிலும் பேரிடரிலும் ட்ரோன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுத்தீ, வெள்ளம், நிலச்சரிவு என்று எங்கே பேரிடர் நடந்தாலும் செய்திப் படங்களில் இப்போது ஒரு ட்ரோன் தவறாமல் தெரிகிறது. அது அங்கே என்ன வேலை செய்கிறது, எதெல்லாம் அதனால் முடியாது என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து வருகின்றன. காட்டுத்தீயில் ஆளில்லா விமானங்களை நெடுங்காலமாகப் பயன்படுத்தி, அவற்றின் பலனையும் தொல்லையையும் சேர்த்தே அனுபவித்த மாநிலம் அது. தேவைப்படும் இடத்தில் குரங்கணிக்கும் வயநாட்டுக்கும் வருவோம்.

ட்ரோன் தண்ணீர் ஊற்றித் தீயை அணைக்குமா?

காட்டுத்தீயில் அது நடக்காது. கலிஃபோர்னியாவில் ஏரியிலும் கடலிலும் தண்ணீர் அள்ளும் 'சூப்பர் ஸ்கூப்பர்' விமானம் நீரின் மேல் உரசிக்கொண்டே பறந்து சுமார் 12 விநாடியில் 6,000 லிட்டரை நிரப்பிக்கொள்கிறது. பெரிய விவசாய ட்ரோன்கூட சில பத்து லிட்டருக்கு மேல் தூக்காது. மலைச்சரிவு முழுக்கப் பற்றி எரியும்போது அந்தத் தண்ணீர் எந்த மூலைக்கு?

ட்ரோனின் வேலை பார்ப்பது. தீ இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்வது.

தீயைப் பார்க்க ட்ரோன் எதற்கு? கண்ணுக்கே தெரியுமே?

தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியாது. புகை மறைக்கும், மேடு மறைக்கும், காற்று திரும்பினால் சற்றுமுன் பார்த்தது பழங்கதையாகிவிடும்.

2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலையில் நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரும் மறக்கவில்லை. இடிமழை மேகத்திலிருந்து கிளம்பிய காற்று தீயின் திசையை மாற்றிவிட்டது. ஏற்கெனவே எரிந்து முடிந்த பாதுகாப்பான இடத்திலிருந்து ஒரு பண்ணையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த 19 தீயணைப்பு வீரர்கள் பள்ளத்தில் சிக்கி இறந்தார்கள். தீத்தடுப்பு ரசாயனம் நிரப்பிய ராட்சத விமானம் அந்த நேரம் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. விமானம் இருந்தது, ரசாயனம் இருந்தது, இடம் மட்டும் தெரியவில்லை.

2019-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிங்கல் சட்டம், காட்டுத்தீப் பணியில் ட்ரோன்களைச் சோதித்துப் பயன்படுத்தும் திட்டத்தையும், களத்தில் இருக்கும் வீரர்களின் இருப்பிடத்தை அந்தந்த நிமிடமே காட்டும் கருவிகளையும் ஒரே பிரிவில் வைத்துப் பேசுகிறது. இரண்டும் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கங்கள் என்பதால் அது சரியான ஏற்பாடு என்றே சொல்வேன்.

இது எப்போது ஆரம்பித்தது?

பேரிடர் மீட்பில் சிறிய ஆளில்லா விமானங்கள் பறந்ததற்கான முதல் பதிவு 2005-இல் கத்ரினா புயலுக்குப் பிறகு வருகிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ராபின் மர்ஃபி போன்ற ஆய்வாளர்கள் அந்த நாள்களிலிருந்தே இதில் ஈடுபட்டிருக்கிறார்கள்.

காட்டுத்தீயில் முக்கியமான திருப்பம் 2006 அக்டோபர். தெற்கு கலிஃபோர்னியாவின் எஸ்பெரான்சா தீயில் வனத்துறையின் தீயணைப்பு வண்டிக் குழுவினர் 5 பேர் இறந்த பிறகு, நாசாவின் உதவியோடு 'ஆல்டேர்' என்ற பெரிய ஆளில்லா விமானம் அந்தத் தீக்கு மேலே சுமார் 16 மணி நேரம் பறந்தது. அடுத்த ஆண்டு நாசாவின் 'இக்கானா' வந்தது. போர்க்களத்துக்காக உருவான பிரிடேட்டர்-பி விமானத்தை அறிவியல் வேலைக்கு மாற்றியமைத்தது அது. 2007 அக்டோபரில் தெற்கு கலிஃபோர்னியாவில் ஒரே சமயத்தில் பல இடங்களில் தீப்பிடித்தபோது, இக்கானா எடுத்த வெப்பப் படங்கள் செயற்கைக்கோள் வழியாகத் தரைக்கு வந்து, கூகுள் எர்த் வரைபடத்தின் மேலேயே தீயணைப்பு அதிகாரிகளுக்குக் கிடைத்தன. அதற்கு முன்பெல்லாம் இரவில் விமானத்திலிருந்து எடுத்த வெப்பப் படத்தை ஒருவர் உட்கார்ந்து படித்து, கையால் எல்லைக்கோடு வரைந்து, காலைக் கூட்டத்துக்கு அனுப்புவார். அது கைக்கு வரும்போது தீ வேறெங்கோ போயிருக்கும்.

2013-இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா பக்கம் சுமார் 1,000 சதுர கிலோமீட்டரை எரித்த ரிம் தீயில் கலிஃபோர்னியா தேசியக் காவல்படையின் பிரிடேட்டர் பறந்தது. அப்புறம்தான் தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவுக்குச் சிறிய ட்ரோன்களின் காலம்.

பெரியதா, சிறியதா, எது நல்லது?

இரண்டும் வேறுவேறு ஆட்களுக்கு உதவுகின்றன. பெரியது மணிக்கணக்கில் முழுத் தீயையும் பார்க்கும். மாவட்ட அளவில், மாநில அளவில் முடிவெடுப்பவருக்கு அது வேண்டும். சிறியது ஒரு குழுத் தலைவர், 'இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?' என்று கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும். உயிரைக் காப்பாற்றும் கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம் என்பதால் சிறியதன் பக்கமே என் மனம் சாய்கிறது.

தெர்மல் கேமரா புகையைத் தாண்டி எப்படிப் பார்க்கிறது?

புகை என்பது பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் அதே அளவில் இருப்பதால் அந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடித்துவிடுகின்றன. தெர்மல் கேமரா பார்ப்பது வெப்பத்தை, அதாவது பொருள்கள் வெளிவிடும் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அகச்சிவப்பு அலைகளை. அவை பெரிய அலைகள். அந்தத் துகள்களை அதிகம் பொருட்படுத்தாமல் கடந்து வந்துவிடும். அதனால் கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும் பள்ளத்தாக்கில், தீயின் விளிம்பு ஒரு பிரகாசமான கோடாகத் திரையில் தெரியும்.

ஆனால் அடர்ந்த இலைக்கூட்டத்தை அது தாண்டாது. மண்ணுக்குள்ளும் பார்க்காது. வெயிலில் காய்ந்த பாறை மதிய நேரத்தில் நெருப்பு மாதிரியே தெரியும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் விடியலுக்கு முன் பறக்கவிடுகிறார்கள். பாறைகள் குளிர்ந்துவிடும், தரை ஒரே சீராக இருண்டிருக்கும், இன்னும் கனன்றுகொண்டிருக்கும் ஒரு அடிமரம் தனியாகப் பளிச்சென்று தெரியும். அதன் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக் கொடுத்தால் மண்வெட்டியோடு இரண்டு பேர் நேராக அங்கே போய்க் கிளறி, தண்ணீர் விட்டு, புறங்கையை அருகில் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசிச் சோதனை இன்றும் அந்தக் கைதான்.

அணைந்த தீயில் போய் இவ்வளவு தேட வேண்டுமா?

வேண்டும். 2025 ஜனவரி 1 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே 'லாக்மன்' என்ற சிறிய தீ பற்றியது, கட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் செடிகளின் வேருக்குள் அது நீறு பூத்த நெருப்பாக இருந்து, ஜனவரி 7-இல் பலத்த காற்று வந்ததும் மேலே கிளம்பி பாலிசேட்ஸ் பெருந்தீயாக மாறியது என்று அமெரிக்க அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆறு நாள்.

தெர்மல் ட்ரோன் இருந்திருந்தால் கட்டாயம் கண்டுபிடித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வேர் ஆழத்தில் எரிந்தால் மேல்மண் சூடு காட்டாமலும் இருக்கலாம். ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடாமல், அடுத்தடுத்த நாள்களிலும் விடியலில் பார்க்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு ட்ரோன்தான் வாங்க முடியும் என்றால், தீ கொழுந்துவிட்டு எரியும்போது வீடியோ எடுப்பதைவிட இந்த வேலைக்கே முதலிடம் கொடுப்பேன்.

ட்ரோனை வைத்தே தீ மூட்டுகிறார்களாமே?

உண்மைதான், நல்ல காரணத்துக்காக. பெருந்தீ வரும் வழியில் இருக்கும் சருகையும் புதரையும் முன்கூட்டியே எரித்துவிட்டால் அது வந்து சேரும்போது எரிய எதுவும் இருக்காது. நம் வனத்துறையினர் எதிர்த்தீ வைப்பதும், கோடைக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்து எரிப்பதும் இதே கணக்கில்தான்.

அமெரிக்காவில் இதை ஹெலிகாப்டரிலிருந்து செய்துவந்தார்கள். தாழ்வாக, மெதுவாக, புகைக்கும் மரத்துக்கும் நடுவே பறக்க வேண்டிய வேலை. 2015-இல் மிசிசிப்பியிலும் 2019-இல் டெக்சாஸிலும் இந்தப் பணியில் இருந்த ஹெலிகாப்டர்கள் விழுந்து ஆட்கள் இறந்தார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'இக்னிஸ்' என்ற கருவி இதை ட்ரோனுக்கு மாற்றியது. பிங்பாங் பந்து போன்ற பிளாஸ்டிக் உருண்டைக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள் இருக்கும். கருவியில் உள்ள ஊசி ஒவ்வொரு உருண்டையையும் குத்திக் கொஞ்சம் கிளைக்கால் திரவத்தைச் செலுத்திக் கீழே தள்ளிவிடும். இரண்டும் கலந்து சூடேறி, உருண்டை தரைக்குப் போன பிறகு தீப்பற்றும். 2016-இல் நெப்ராஸ்காவின் ஒரு புல்வெளியில் இதை முதலில் சோதித்தார்கள். இப்போது இது சாதாரணமாகப் பயன்பாட்டில் உள்ளது. ட்ரோன் விழுந்தால் ஒரு கருவி போகும், அவ்வளவுதான்.

பலத்த காற்றில் ட்ரோன் பறக்குமா?

தீயணைப்புத் துறைகள் வைத்திருக்கும் நல்ல ரகச் சிறிய ட்ரோன்கள் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் காற்றுவரை தாங்கும். பாலிசேட்ஸ் தீ பரவிய இரவில் காற்று சில இடங்களில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. பெரிய விமானங்களையே தரையில் நிறுத்த வேண்டியிருந்தது. ஆக, தீ மிக மோசமாக இருக்கும் நேரத்தில் ட்ரோன் பெட்டிக்குள்தான் இருக்கும். இதைக் கணக்கில் கொள்ளாமல் போடும் திட்டம் எதுவும் உதவாது. பேட்டரியும் அப்படித்தான்: சுமார் 40 நிமிடம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், மலையேறி, வெப்பத்தில், எதிர்க்காற்றில் அது குறையும்.

வேடிக்கை பார்க்கப் பறக்கவிடும் ஒரு சின்ன ட்ரோன் என்ன கெடுத்துவிடும்?

நிறையக் கெடுக்கும். 2015 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் தீ நெடுஞ்சாலைக்கே வந்துவிட்டது. ஆட்கள் வண்டிகளை விட்டுவிட்டு ஓடினார்கள், சுமார் 20 வாகனங்கள் எரிந்தன. அந்த நேரத்தில் வானில் தனியாரின் ட்ரோன்கள் தென்பட்டதால் தண்ணீர் கொட்ட வந்த விமானங்கள் சுமார் 20 நிமிடம் விலகியிருக்க வேண்டியதாயிற்று.

2025 ஜனவரி 9 அன்று மோதலே நடந்துவிட்டது. சாண்டா மோனிக்காவில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மாடியிலிருந்து ஒருவர் பாலிசேட்ஸ் தீயைப் பார்க்க ட்ரோனை அனுப்பினார். இரண்டரை கிலோமீட்டர் போனதும் அது அவர் கண்ணில் இல்லை. கனடாவின் கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்திருந்த சூப்பர் ஸ்கூப்பரின் இடது இறக்கையில் அது மோதி ஏறக்குறைய 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை போட்டது. விமானி பத்திரமாகத் தரையிறக்கிவிட்டார், ஆனால் ஊரே எரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் அந்த விமானம் பல நாள் பறக்கவில்லை. மோதிய ட்ரோன் 250 கிராம்கூட இல்லை. நம் நாட்டுச் சட்டத்தில் 'நானோ' வகை, இயக்கச் சான்றிதழ்கூட வேண்டாம். 'சின்னதுதானே' என்று நினைப்பவர்கள் அந்த ஓட்டையின் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ட்ரோனே தீக்குக் காரணமான சம்பவமும் உண்டு. 2018 மார்ச்சில் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே தரையிறங்கிய ஒரு ட்ரோன் தீப்பிடித்துப் புல்லில் பரவி 300 ஏக்கருக்கு மேல் எரிந்தது. லித்தியம் பேட்டரியைச் சருகின் மேல் இறக்கக் கூடாது.

எரிந்து முடிந்த பிறகு ட்ரோனுக்கு என்ன வேலை?

2018 நவம்பரில் காட்டுத்தீயில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊர் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது. 85 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய பல்லாயிரம் பேர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். ஊருக்குள் போக அனுமதி இல்லை, 'என் வீடு இருக்கிறதா, இல்லையா?' என்று சொல்ல ஆளும் இல்லை.

பல ஊர்க் காவல்துறை, தீயணைப்புத் துறை ட்ரோன் குழுக்கள் ஒன்றுசேர்ந்து இரண்டே நாளில் 500 தடவைக்கு மேல் பறக்கவிட்டு, பல்லாயிரம் படங்களை எடுத்தன. ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தோடு பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு எடுத்தால், மென்பொருள் அவற்றை ஒட்டி ஒரே வரைபடமாக்கும். அதை மக்களே இணையத்தில் பார்க்கும்படி மாவட்ட நிர்வாகம் வெளியிட்டது. தெருப் பெயரைத் தட்டி, தன் வீட்டுக் கூரையைத் தேடிப் பார்க்கலாம். இல்லை என்று தெரிவது கொடுமைதான். ஆனால் தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருப்பது அதைவிடக் கொடுமை. காப்பீடு, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அடுத்த அடி எடுத்துவைக்க அவர்களுக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. ட்ரோன் செய்த வேலைகளிலேயே நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

நிலச்சரிவில் புதைந்தவர்களைக் கண்டுபிடிக்குமா?

தெர்மல் ட்ரோன் கண்டுபிடிக்காது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவில் மண்ணுக்கடியில் தேட மோப்ப நாய்களும் ரேடாரும்தான் வேண்டியிருந்தன. ட்ரோன்கள் வேறு விதத்தில் உதவின. பாலம் அடித்துப்போன ஆற்றுக்கு அக்கரையில் என்ன மிச்சம் இருக்கிறது, சேறு எதுவரை ஓடியிருக்கிறது என்று காட்டின. மண்ணள்ளும் இயந்திரங்களை இயக்கியவர்களுக்கும் தேடுதல் பணியில் இருந்தவர்களுக்கும் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தன.

வெள்ளத்தில்?

2024 செப்டம்பரில் விஜயவாடாவை புடமேரு வெள்ளம் சூழ்ந்தபோது படகு போக முடியாத சந்துகளில் மாடியில் நின்றவர்களுக்கு ட்ரோன்கள் உணவும் தண்ணீரும் மருந்தும் இறக்கின. ஒரு தடவைக்குச் சில கிலோதான் போகும், லட்சக்கணக்கானவர்களுக்கு அது சோறு போடாது. இன்சுலின், குழந்தைக்குப் பால் பவுடர், ஒரு வாக்கி டாக்கி என்று எடை குறைந்த, அவசரம் மிகுந்த பொருள்களுக்கு அதை ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

குரங்கணியில் ட்ரோன் இருந்திருந்தால்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. காய்ந்த புல்வெளிச் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அந்தச் சில நிமிடங்களில் ட்ரோன் எதையும் மாற்றியிருக்காது. அதன் பிறகு இருட்டில், பள்ளங்களில் சிதறிக் கிடந்தவர்களைத் தேடி ஊர் மக்களும் வனத்துறை, தீயணைப்புத் துறை ஆட்களும் ஏறியபோது, யார் எந்த ஓடையில் இருக்கிறார் என்று ஒரு தெர்மல் கேமரா காட்டியிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் அன்று முதலில் வேண்டியிருந்தது அதற்கும் முந்தைய தகவல்: மலையில் தீ இருக்கும் நாளில் யாரையும் மேலே விடக் கூடாது. அதற்குச் செயற்கைக்கோள் எச்சரிக்கை போதும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரும் தீப்புள்ளிகளை வனத்துறைக்கு அனுப்புகிறது. அதில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் அகலக் கட்டம், செயற்கைக்கோளும் எப்போதும் தலைக்கு மேலே இருப்பதில்லை. 'இந்தப் பீட்டில் (ஒரு வனக் காவலரின் பொறுப்பில் உள்ள காட்டுப் பகுதியில்) தீ' என்று அது சொல்லும். 'எந்த ஓடைக்கு எந்தப் பக்கம்' என்று ட்ரோன் சொல்லும். ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

எல்லாம் இருந்தும் பலன் கிடைக்காமல் போவது ஏன்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் ட்ரோன் பறந்திருக்கும், அருமையான படமும் எடுத்திருக்கும். அது ரிமோட்டில் மாட்டிய திரையிலோ, ஒரு மெமரி கார்டிலோ நின்றுவிடும். தீக்கோட்டில் நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கு அது போய்ச் சேராது. மலையில் செல்போன் சிக்னல் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவில் வடக்கு எது என்று தெரியவில்லை. பார்த்தவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் பார்க்கவில்லை.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். ட்ரோன் இயக்குபவர் பக்கத்திலேயே அந்தக் காட்டை அறிந்த ஒருவர் வாக்கி டாக்கியோடு உட்கார வேண்டும். திரையில் தெரிவதை, 'தீ ஒத்தையடிப் பாதையைத் தாண்டிடுச்சு, ஆலமரத்து ஓடைப் பக்கம் இறங்குது, நீங்க மேற்கால வாங்க' என்று களத்தில் உள்ளவர்களின் பேச்சில் அவர் சொல்ல வேண்டும். பத்து லட்ச ரூபாய்க் கருவி வாங்கும் எந்தத் துறையும் இந்த ஒரு ஆளுக்கான பயிற்சியையும் அதே கோப்பில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறந்தவர்கள், காயம்பட்டவர்கள் படத்தில் வந்தால்?

பதிவு முழுக்க மீட்புப் பணியை நடத்தும் துறையிடம் மட்டுமே இருக்க வேண்டும். சமூக வலைத்தளத்தில் ஒரு விநாடி வீடியோகூடப் போடக் கூடாது. வீட்டார் தகவல் அறிவதற்கு முன் ஊர் அறிவது அநியாயம்.

என்னிடம் ட்ரோன் இருக்கிறது, ஓட்டவும் தெரியும். உதவ வரலாமா?

அழைக்காமல் வர வேண்டாம். மீட்பு ஹெலிகாப்டர் எந்த நிமிடமும் தாழ்வாக வரலாம், அதன் விமானிக்கு உங்கள் ட்ரோன் இருப்பதே தெரியாது. காப்புக் காடுகளிலும் சரணாலயங்களிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிடவும் கூடாது.

உதவ விரும்பினால் பேரிடர் இல்லாத மாதத்தில் ஆரம்பியுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி உங்கள் ட்ரோனைப் பதிவு செய்து, தேவையான இயக்கச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்குப் போய், உங்களிடம் என்ன ட்ரோன், எத்தனை பேட்டரி, தெர்மல் கேமரா உண்டா, இரவில் பறக்கவிட்ட பழக்கம் உண்டா என்று எழுதிக் கொடுங்கள். வனத்துறையோ தீயணைப்புத் துறையோ ஒத்திகை நடத்தினால் கூடப் போய் அவர்களுடைய வாக்கி டாக்கி நடைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள். சம்பவம் நடக்கும் நாளில் 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்குத் தகவல் சொல்லிவிட்டு, பேட்டரிகளை முழுதாக ஏற்றிவைத்துக் காத்திருங்கள். கூப்பிட்டால் யாரிடம் போய் நிற்க வேண்டும், எந்த உயரத்துக்கு மேல் போகக் கூடாது, ஹெலிகாப்டர் வந்தால் யார் சொல்லி இறக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ட்ரோனை மேலே அனுப்புங்கள்.